நிறுத்தி வைத்த வண்டிக்கும் செலவு உண்டு

பைக்கா காரா என்ற பேச்சு எங்கள் அலுவலகத்தில் எழுந்தால், அது நேராக மைலேஜில் போய்த்தான் நிற்கும். ராணிப்பேட்டை சிப்காட்டில் உள்ள ஒரு தோல் பொருள் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் நான் வேலை செய்கிறேன். சத்துவாச்சாரி, காட்பாடி, ஆற்காடு, வாலாஜா என்று நாலா பக்கத்திலிருந்தும் வருகிற எங்கள் ஊழியர்களில் பெரும்பாலோர் இருசக்கர வாகனத்தில்தான் வருகிறார்கள். திருமணமாகி ஒரு குழந்தையும் பிறந்துவிட்டால், கார் வாங்கலாமா என்ற எண்ணம் அவர்களுக்கு வந்துவிடுகிறது. அண்மையில் அப்படி ஒரு தம்பி என் மேசைக்கு வந்து, "அண்ணா, பைக்கைவிடக் காருக்குப் பெட்ரோல் காசுதானே கூட ஆகும்? மாசம் ஒரு நாலாயிரம், ஐயாயிரம்னு வைத்தால் சமாளித்துவிடலாம் இல்லையா?" என்று கேட்டார். அவருக்குத் தாளில் போட்டுக் காட்டிய கணக்கைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். பெட்ரோல் இந்தக் கணக்கில் ஒரு பகுதி மட்டுமே. வண்டி ஓடாமல் வாசலில் நிற்கும்போதும் ஆகிக்கொண்டிருக்கும் செலவுதான் காரையும் பைக்கையும் உண்மையில் பிரிக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

முதலில் அவர் கேட்ட பெட்ரோலையே எடுத்துக்கொள்வோம். சத்துவாச்சாரியிலிருந்து சிப்காட்டுக்கு வந்து திரும்புகிறவருக்கு, சொந்த வேலையாக அங்கே இங்கே போய்வருவதையும் சேர்த்தால், மாதம் 1,000 கிலோமீட்டர், ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டர் என்று வைப்பது நியாயமான கணக்கு. பெட்ரோல் விலை லிட்டருக்கு 100 ரூபாயைச் சற்றே தாண்டி நிற்கிறது. கணக்கு எளிதாக இருக்க 100 என்றே கொள்கிறேன். 125 சிசி பைக் ஒன்று லிட்டருக்கு 55 கிலோமீட்டர் கொடுத்தால் ஆண்டுக்கு ஏறக்குறைய 21,800 ரூபாய். 1,200 சிசி பெட்ரோல் கார் 16 கிலோமீட்டர் கொடுத்தால் 75,000 ரூபாய். இடைவெளி 53,000 ரூபாய், அதாவது மாதம் 4,400 ரூபாய். ஆகவே தம்பி மனதில் போட்டு வைத்திருந்த தொகையில் தவறில்லை. கிரீன் சர்க்கிளிலும் காட்பாடி ரயில்வே மேம்பாலத்திலும் காலை நேரத்தில் நின்று நின்று போகும்போது காரின் மைலேஜ் இன்னும் இறங்கும் என்பதையும், கத்திரி வெயிலில் ஏசி இல்லாமல் இந்த ஊரில் கார் ஓட்ட முடியாது என்பதையும் அவர் சேர்த்துக்கொண்டால் போதும்.

இனி நிற்கும் வண்டிக்கு வருவோம். 6,00,000 ரூபாய் ஷோரூம் விலையுள்ள ஒரு காருக்குத் தமிழ்நாட்டில் லைஃப் டாக்ஸ், அதாவது வாங்கும்போதே ஒரே முறையாகக் கட்டும் வரி, 13 சதவீதம். 2023 நவம்பரில் மாற்றியமைத்த விகிதப்படி 5 லட்சம் வரை 12 சதவீதமும், 5 முதல் 10 லட்சம் வரை 13 சதவீதமும், 10 முதல் 20 லட்சம் வரை 18 சதவீதமும், அதற்கு மேல் 20 சதவீதமும் வரி கட்ட வேண்டும். பைக்குக்கு ஒரு லட்சம் வரை 10 சதவீதம், அதற்கு மேல் 12 சதவீதம். ஆகவே அந்தக் காருக்கு வரி மட்டும் 78,000 ரூபாய்; 90,000 ரூபாய் பைக்குக்கு 9,000 ரூபாய். இன்சூரன்ஸைத் தனியாக வைத்துவிட்டு, கார் 6,80,000 ரூபாய்க்கும் பைக் ஒரு லட்சத்துக்கும் வாசலில் வந்து நின்றதாகக் கொள்வோம். எட்டு ஆண்டுகள் கழித்துக் காரை 2,40,000 ரூபாய்க்கும் பைக்கை 28,000 ரூபாய்க்கும் விற்க முடிந்தால், காரின் தேய்மானம் ஆண்டுக்கு 55,000 ரூபாய், பைக்கின் தேய்மானம் 9,000 ரூபாய். ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் இந்தப் பணம் போய்க்கொண்டே இருக்கும். ஆயுத பூஜைக்குக் கழுவிப் பொட்டு வைத்து நிறுத்தியிருக்கும் அன்றைக்கும் கார் 150 ரூபாய் இழக்கிறது.

அடுத்தது வட்டி. பலரும் இதைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. கடன் வாங்கியவர்கள் மட்டும் மாதத் தவணை கட்டும்போது உணர்கிறார்கள். கையிலிருந்த பணத்தைப் போட்டு வாங்கியவருக்கும், அந்தப் பணம் வங்கியில் கிடந்திருந்தால் வந்திருக்கும் வட்டி செலவுதான். எட்டு ஆண்டுகளில் சராசரியாகக் காரில் முடங்கிக் கிடப்பது 4,60,000 ரூபாய். அதற்கு 7 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 32,000 ரூபாய். பைக்கில் முடங்குவது 64,000 ரூபாய்தான், வட்டி 4,500 ரூபாய்க்குள் அடங்கிவிடும். தேய்மானம், வட்டி இரண்டிலும் வரும் வித்தியாசத்தைக் கூட்டினால் 73,000 ரூபாய்க்கு மேல் போகிறது. பெட்ரோலில் வரும் வித்தியாசத்தைவிட இது 20,000 ரூபாய் அதிகம். இன்சூரன்ஸ் இன்னும் உள்ளே வரவே இல்லை.

இன்சூரன்ஸில், நம் வண்டியால் அடுத்தவருக்கு நேரும் இழப்பை ஈடுகட்டும் தேர்ட் பார்ட்டி பகுதியின் கட்டணத்தை நிர்ணயிப்பது மத்திய அரசு. எந்த நிறுவனத்தில் எடுத்தாலும் அது ஒன்றுதான். 2022 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி, 75 முதல் 150 சிசி வரையுள்ள பைக்குக்கு ஆண்டுக்கு 714 ரூபாய், 1,000 முதல் 1,500 சிசி வரையுள்ள சொந்தக் காருக்கு 3,416 ரூபாய், இரண்டுக்கும் மேலே 18 சதவீத ஜிஎஸ்டி. உச்ச நீதிமன்றத்தின் உத்தரவால் 2018 செப்டம்பர் முதல், புதிய காருக்கு மூன்று ஆண்டுகளுக்கும் புதிய பைக்குக்கு ஐந்து ஆண்டுகளுக்கும் தேர்ட் பார்ட்டியைச் சேர்த்தே எடுக்க வேண்டும். நம் வண்டிக்கே ஆகும் சேதத்துக்கான ஓன் டேமேஜ் பகுதி வண்டியின் மதிப்பைப் பொறுத்தது என்பதால் காருக்கு அது பெரிய தொகை. எல்லாம் சேர்த்து ஆண்டுச் சராசரியாகக் காருக்கு 12,000, பைக்குக்கு 2,000 என்று வைத்தேன். இத்துடன் நிற்கும் செலவில் இரண்டுக்கும் உள்ள இடைவெளி 84,000 ரூபாயைத் தொடுகிறது. தம்பி நினைத்த மாதம் 4,400 ரூபாயோடு, அவர் கண்ணில் படாத 7,000 ரூபாயையும் சேர்த்தால் மாதம் 11,400 ரூபாய். இதைப் பார்த்ததும் அவர் சற்று நேரம் பேசவில்லை.

இந்தக் கணக்கில் இன்னொன்றும் தெரிகிறது. ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டர் ஓடினால் நிற்கும் செலவு கிலோமீட்டருக்கு எட்டு ரூபாய் சொச்சமாகப் பங்கிடப்படும். பெட்ரோலோடு சேர்த்து காருக்குக் கிலோமீட்டருக்கு 14 அல்லது 15 ரூபாய் ஆகும். ஆனால் எங்கள் பகுதியில் கார் வாங்கும் பெரும்பாலான குடும்பங்கள் வேலைக்குப் பைக்கையே எடுத்துக்கொண்டு, காரை ஞாயிற்றுக்கிழமைக்கும் விசேஷத்துக்கும் வைத்திருக்கின்றன. அப்படி 4,000 கிலோமீட்டர் மட்டும் ஓடினால், ஆண்டுக்கு 99,000 ரூபாய் நிற்கும் செலவு அந்த 4,000 கிலோமீட்டரின் தலையில்தான் விழும். அப்போது கிலோமீட்டருக்கு 31 ரூபாய். வாடகைக் காருக்குக் கிலோமீட்டர் 13, 15 ரூபாய் என்று கேட்டால் அநியாயம் என்கிறோம். வாசலில் நிற்கும் சொந்தக் கார் அதைப்போல் இரண்டு மடங்கு வாங்கிக்கொள்வதை யாரும் நமக்கு ரசீது போட்டுக் கொடுப்பதில்லை.

பைக் மலிவு என்ற பேச்சுக்கும் ஓர் எல்லை உண்டு என்பதை இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். அது 110, 125 சிசி வண்டிகளுக்கும், கிராமத்துப் பக்கம் நெல் மூட்டையும் பால் கேனும் சுமக்கிற மொபெட்டுக்கும் பொருந்தும். பெரிய மோட்டார் சைக்கிளுக்குப் பொருந்தாது. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையுள்ள இருசக்கர வாகனங்களுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. 350 சிசிக்கு மேற்பட்டவற்றுக்கு 40 சதவீதமாக உயர்ந்தது. நான்கு மீட்டருக்குள் நீளமும் 1,200 சிசிக்குள் பெட்ரோல் எஞ்சினும் உள்ள சிறிய காருக்கோ 18 சதவீதம்தான். தேர்ட் பார்ட்டி கட்டணத்திலும் இதே தலைகீழ் நிலைதான்: 350 சிசிக்கு மேற்பட்ட மோட்டார் சைக்கிளுக்கு ஆண்டுக்கு 2,804 ரூபாய், 1,000 சிசிக்குள் இருக்கும் காருக்கு 2,094 ரூபாய். அதாவது நான்கு பேரை ஏற்றிச் செல்லும் சிறிய காரைவிட இரண்டு பேரை ஏற்றும் பெரிய பைக்குக்குக் கட்டணம் கூடுதல்.

டயரிலும் அப்படியே. சாதாரண பைக்குக்கு இரண்டு டயரும் 4,000 ரூபாய்க்குள் முடிந்து 25,000 கிலோமீட்டருக்குக் குறையாமல் வந்தால், கிலோமீட்டருக்கு 16 பைசா. காருக்கு நான்கு டயர் 18,000 ரூபாய், 45,000 கிலோமீட்டர் வந்தால் 40 பைசா. பெரிய பைக்கின் பின் டயர் சில சமயம் 15,000 கிலோமீட்டரைக்கூட எட்டுவதில்லை. இரண்டையும் மாற்ற 15,000 ரூபாய் ஆனால் கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய். செயின் ஸ்ப்ராக்கெட், பிரேக் பேட், ஆயில் என்று ஒவ்வொன்றிலும் இதே கதைதான். அந்த வண்டி மேல் ஆசை இருந்தால் வாங்கலாம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சிக்கனத்துக்காக வாங்குகிறேன் என்று மட்டும் வீட்டில் சொல்லக் கூடாது.

சர்வீஸ் செலவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பைக்குக்கு ஆண்டுக்கு நாலாயிரம், காருக்கு எட்டாயிரம் முதல் பத்தாயிரம் என்று வைத்தால் போதும். பேட்டரி மட்டும் எங்கள் வெயிலில் சீக்கிரம் தளர்ந்துவிடும். சுங்கச் சாவடியில் இருசக்கர வாகனத்துக்குக் கட்டணம் இல்லை. வேலூரிலிருந்து ராணிப்பேட்டை வரை காருக்கும் சுங்கம் கிடையாது; ஆம்பூர்ப் பக்கம் போனால் பள்ளிகொண்டா, சென்னைப் பக்கம் போனால் வாலாஜாவைத் தாண்டிச் சென்னசமுத்திரம் என்று தொடங்கும். அடிக்கடி போகிறவர்களுக்கு 2025 ஆகஸ்ட் 15 முதல் ஃபாஸ்டேக் ஆண்டுப் பாஸ் வந்திருக்கிறது; தொடங்கியபோது அதன் விலை 3,000 ரூபாய். ஓராண்டு அல்லது 200 முறை கடப்பது, இரண்டில் எது முந்துகிறதோ அதுவரை செல்லும். வேலூருக்குள் பார்க்கிங்தான் பெரிய பாடு. லாங்கு பஜாரில் காரை நுழைக்கவே முடியாது. சிஎம்சி மருத்துவமனையைச் சுற்றிக் காருக்கு இடம் தேடுகிற நேரத்தில், பைக்கில் வந்தவர் வேலையை முடித்துவிட்டுத் திரும்பியிருப்பார்.

இவ்வளவையும் பார்த்தால் பைக்கே சரி என்று முடித்துவிடத் தோன்றும். ஆனால் பைக்கின் உண்மையான விலையில் ஒரு பகுதியை நாம் பணமாகக் கொடுப்பதில்லை, உடம்பால் கொடுக்கிறோம். அதைச் சேர்க்காமல் போட்ட கணக்கு பொய்க் கணக்கு. 2022ஆம் ஆண்டில் இந்தியாவில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை. அவர்களில் 44.5 சதவீதம் பேர் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். அந்த ஆண்டில் விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் தமிழ்நாட்டுக்கு. சென்னை பெங்களூரு நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே தினமும் ஷிப்டுக்குப் போய்வருகிற எங்களுக்கு இது வெறும் புள்ளிவிவரம் இல்லை. காரில் போகிறவருக்கும் ஆபத்து உண்டு. ஆனால் அவருக்கும் லாரிக்கும் நடுவில் தகடும் சீட் பெல்ட்டும் காற்றுப் பையும் இருக்கின்றன.

ஆகவே பைக்கால் மாதம் 11,000 ரூபாய் மிச்சமாகிறது என்று சொல்லிக்கொள்கிறவர், அதில் ஒரு பங்கைப் பாதுகாப்புக்கு ஒதுக்கினால்தான் அந்தச் சொல் உண்மையாகும். முதலில் ஹெல்மெட். நல்ல ஐஎஸ்ஐ முத்திரையுள்ள ஹெல்மெட் இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. 2021 ஜூன் முதல் அந்த முத்திரை இல்லாததை விற்பதே சட்டப்படி தவறு. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், ஹெல்மெட் அணிவது உயிரிழக்கும் வாய்ப்பை 42 சதவீதமும் தலைக்காயத்தை 69 சதவீதமும் குறைக்கிறது என்று தெரிந்திருக்கிறது. அப்படியிருந்தும் பலர் 1,000 ரூபாய் அபராதத்துக்குப் பயந்து, சாலையோரம் முந்நூறு ரூபாய்க்கு விற்கும் பிளாஸ்டிக் தொப்பியை வாங்கி மாட்டிக்கொள்கிறார்கள். அபராதத்திலிருந்து அது காப்பாற்றலாம், தலையைக் காப்பாற்றாது. பின்னால் உட்காரும் மனைவிக்கும் அதே தரத்தில் ஒன்று வேண்டும். ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தையை ஏற்றினால், குழந்தைக்கான ஹெல்மெட்டும் ஓட்டுபவரோடு பிணைக்கும் பட்டையும் வேண்டும், வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்பது 2023 பிப்ரவரி 15 முதல் விதி. பெங்களூரு சாலையில் 40 கிலோமீட்டர் வேகத்தில் குழந்தையோடு போவது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தால், கார் வேண்டும் என்று அந்தத் தம்பிக்குத் தோன்றியது எவ்வளவு நியாயம் என்று புரிகிறது.

அடுத்தது பாலிசி. ஐந்து ஆண்டு தேர்ட் பார்ட்டி முடிந்ததும், வண்டி பழசாகிவிட்டதே என்று வெறும் தேர்ட் பார்ட்டியை மட்டும் புதுப்பிக்கிற வழக்கம் எங்கள் பக்கம் மிக அதிகம். அந்த வகைப் பாலிசியில், ஓட்டுபவரின் தவறால் விபத்து நேர்ந்தால், பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கு இழப்பீடு கிடைப்பதில்லை; தேர்ட் பார்ட்டி என்ற பெயரைப் பார்த்து அவரும் அதில் அடங்குவார் என்று நினைத்துவிடுகிறார்கள். முழுப் பாலிசி எடுத்தால் அவரையும் சேர்க்கலாம், வித்தியாசம் ஆண்டுக்குச் சில நூறு ரூபாய். உரிமையாளருக்கான 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பு கட்டாயம். அதைத் தனிப் பாலிசியாக எடுத்துக்கொண்டால், வீட்டில் அவர் பெயரில் எத்தனை வண்டி இருந்தாலும் ஒன்றே போதும். இவற்றோடு குடும்பத்துக்கு ஒரு மருத்துவக் காப்பீடு. ஆண்டுக்கு 25,000 ரூபாயை இப்படி ஒதுக்கினாலும் பைக் பக்கம் ஒரு லட்சத்துக்கு மேல் மிஞ்சும்.

அந்த மிச்சத்தில் என்ன செய்யலாம் என்று தம்பி கேட்டார். திருப்பதிக்குப் போக காட்பாடியிலிருந்து ரயில் இருக்கிறது. கிரிவலத்துக்குப் போக வேலூர் கண்டோன்மென்டிலிருந்து திருவண்ணாமலைக்கும் ரயில் போகிறது. பெற்றோரையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு ரயிலில் ஏறி இறங்க முடியாதபோது வாடகைக் கார் எடுக்கலாம். திருப்பதி போய்வர 250 கிலோமீட்டர் என்று வைத்தாலும், டிரைவர் பேட்டாவும் சேர்த்து நாலாயிரத்துச் சொச்சம். மாதம் ஒரு முறை இப்படிப் போனாலும் ஆண்டுக்கு 50,000 ரூபாய்தான். காரின் தேய்மானம்கூட இதைவிட அதிகம்.

இருந்தாலும், கார் வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. வாரத்துக்கு இரண்டு, மூன்று முறை டயாலிசிஸுக்குப் போக வேண்டிய அப்பா வீட்டில் இருந்தால், குடியாத்தத்துக்கோ பேரணாம்பட்டுக்கோ அப்பால் இரவில் ஆட்டோ கிடைக்காத ஊரில் வீடு இருந்தால், கணவனும் மனைவியும் ஒரே வழியில் வேலைக்குப் போய்க் காரில் இன்னும் இருவரையும் ஏற்றிக்கொள்ள முடிந்தால், கணக்கு அடியோடு மாறிவிடும். நான்கு பேர் பங்கிட்டுக்கொண்டால் கிலோமீட்டருக்கு 15 ரூபாய் என்பது தலைக்கு நாலு ரூபாய்க்குள் வந்துவிடும். தனியாகப் பைக்கில் வருகிறவருக்கு எல்லாச் செலவும் சேர்த்து ஆகிற மூன்றரை ரூபாயோடு அது ஏறக்குறைய சமம், வெயிலும் மழையும் மேலே படாமல்.

அந்தத் தம்பிக்கு நான் சொன்ன யோசனை, புதிய கார் வேண்டாம், ஐந்தாறு ஆண்டு ஓடிய சிறிய கார் ஒன்றைப் பாருங்கள் என்பதுதான். பெரிய தேய்மானத்தை முதல் உரிமையாளர் தாங்கி முடித்திருப்பார். மூன்று லட்சத்துக்கு வாங்கி ஐந்து ஆண்டு கழித்து ஒன்றரை லட்சத்துக்கு விற்றால், தேய்மானம் ஆண்டுக்கு 30,000 ரூபாய், வட்டியும் பாதியாகிவிடும். வாங்கும்போது ஆர்சி புத்தகத்தில் வங்கிக் கடன் நிலுவை நீக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 2019 நவம்பரில் பழைய வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்ததால், டிஎன் 23 என்ற வேலூர்ப் பதிவெண் கொண்ட வண்டியின் சொந்தக்காரர் இன்று ராணிப்பேட்டை மாவட்டத்திலோ திருப்பத்தூர் மாவட்டத்திலோ இருக்கலாம். ஆர்சியில் உள்ள முகவரியும் அவருடைய ஆதார் முகவரியும் பொருந்துகிறதா என்பதையும் சரிபார்ப்பது நல்லது. படிவம் 29, படிவம் 30 இரண்டிலும் விற்பவரிடம் கையெழுத்து வாங்கிப் பெயர் மாற்றத்துக்குக் கொடுத்த கையோடு, 14 நாட்களுக்குள் இன்சூரன்ஸையும் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்காக விற்பவருக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸ் அவரோடு போய்விடும், வண்டியோடு வராது. ஆகவே அவர் கட்டிய பிரீமியத்தைப் பார்த்து அடுத்த ஆண்டுச் செலவை மதிப்பிடக் கூடாது. தம்பி இப்போது சத்துவாச்சாரியில் இரண்டு வண்டிகளைப் பார்த்து வைத்திருக்கிறார். நம்பகமான மெக்கானிக் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்த பிறகுதான் முன்பணம் கொடுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.